கிடேரிப் பல்லில் பழுப்புக் கறை: போர் தண்ணீரைவிடப் பொடியைக் கவனியுங்கள்

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்கள் தோட்டம். இரண்டரை வயதுக் கிடேரியின் பல்லில் பழுப்புக் கோடுகள். பின்னங்காலில் முண்டு தட்டி நொண்டுகிறது. தண்ணீரை உறிஞ்சாமல் நக்கி நக்கிக் குடிக்கிறது. போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு என்று பரிசோதனையில் வந்தது. சத்துக்கென்று ஒரு வருடமாகத் தவிட்டில் தினமும் 50 கிராம் ராக் பாஸ்பேட் (பாறையை அரைத்த உரப்பொடி) கலக்கிறோம். தொட்டியில் சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. முதலில் ராக் பாஸ்பேட்டை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் புளோரைடு நஞ்சுக்குப் பொருந்துகின்றன. பல் கூசுவதால்தான் நக்கிக் குடிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கிடேரி நாளுக்கு 30 லிட்டர் குடித்தால் தண்ணீரில் வருவது 90 மில்லிகிராம். ராக் பாஸ்பேட்டில் புளோரின் 3 முதல் 4 சதவீதம். 50 கிராமில் சுமார் 1,750 மில்லிகிராம். தண்ணீரில் கரைந்த புளோரைடு பெரும்பாலும் உடம்பில் சேரும். பாறைப்பொடியில் இருப்பதில் பாதிதான் சேரும் என்று வைத்தாலும் 875 மில்லிகிராம். உலர் தீவனம் 7 கிலோ தின்னும் கிடேரி தாங்குவதோ, கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம், 280 மில்லிகிராம்தான். மூன்று மடங்கு ஏறியிருக்கிறது! வயலுக்கான உரத்தை மாட்டுக்கு வைக்கவே கூடாது. புளோரின் நீக்கிய டை கால்சியம் பாஸ்பேட் சேர்ந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தாது உப்புக் கலவையை வாங்குங்கள்.

சுண்ணாம்பு ஏன் உதவாது? அது புளோரைடைக் கால்சியம் புளோரைடாகப் படியவைக்கும். ஆனால் அந்த உப்பே லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் புளோரைடு வரை கரைந்து நிற்கும். உங்கள் 3 அதற்கும் கீழே. கொதிக்கவைத்தால் தண்ணீர் சுண்டி அளவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குறையும், ஆனால் போட வேண்டிய அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. ஆய்வகத்தில் கேட்காமல் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரைச் சேமித்துப் பாதிக்குப் பாதி கலந்தால் 1.5க்கு இறங்கிவிடும். அதுவும் போதாத நாளில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள கன்றுகளுக்கே முதலில் கொடுங்கள். பல் உள்ளே உருவாகும் வயது அது.

வந்த கறை போகாது. இன்னும் முளைக்காத பற்களைக் காப்பாற்றலாம். எலும்பில் சேர்ந்தது வருடக்கணக்கில் மெல்ல வெளியேறும். புண்ணாக்கை ஊறவையுங்கள், தட்டையைப் பொடியாக நறுக்குங்கள். நொண்டலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிச் சிறுநீரில் புளோரைடு பார்க்கச் சொல்லுங்கள்.

மீதிப் பொடியை, பாஸ்பேட்டைக் கரைக்கும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவோடு எருக்குழியில் போடுங்கள். கார மண்ணில் நேரடியாகத் தூவினால் கரையாது.