தடுப்பூசி அட்டை இல்லாத நாய்

கேள்வி: எங்கள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த பெண் நாயை வீட்டோடு வைத்துக்கொண்டோம். மூன்று வயது இருக்கும். காது நுனியில் முக்கோணமாக ஒரு வெட்டு இருக்கிறது. "ஏற்கெனவே ஊசி போட்டிருப்பார்கள், மறுபடி போட்டால் ஆகாது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரிதானா?
– வாசகி, மேற்கு தாம்பரம்

பதில்: அந்த வெட்டு, கருத்தடை செய்ததற்கான அடையாளம். அறுவை செய்யும்போதே ரேபிஸ் ஊசியும் போடுவது வழக்கம். ஆனால் அது எந்த வருஷம் என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் இவற்றுக்கான கூட்டு ஊசியைத் தெருநாய்களுக்குப் பெரும்பாலும் போடுவதில்லை. அட்டை கையில் இல்லையென்றால் எதுவுமே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்ட ஊசியை மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. போடாமல் விடுவதுதான் ஆபத்து.

அதற்காக, வீட்டுக்கு வந்த அன்றே ஊசிக்கு ஓட வேண்டாம். முதலில் உடம்பைச் சோதிக்க வேண்டும். காது மடலின் உட்பக்கம், கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா கிருமிகள் இரண்டும் நம் ஊரில் சகஜம். சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாலே பல சமயம் தெரிந்துவிடும். ஆனால் அதில் தெரியவில்லை என்பதற்காக நோயே இல்லை என்று விட்டுவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யச் சொல்லுங்கள். காய்ச்சலில் கிடக்கும் நாய்க்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது. குணமான பிறகு போடலாம்.

பூச்சி மாத்திரையை முதல் நாளே கொடுக்கலாம். பிராசிகுவான்டல், பைரான்டல், ஃபெபான்டல் மூன்றும் சேர்ந்த மாத்திரை பொதுவாக 10 கிலோ எடைக்கு ஒன்று. கண்ணளவில் மதிப்பிடாமல் எடை போட்டுக் கொடுங்கள். 2 வாரம் கழித்து இன்னொரு முறை, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை.

நன்றாகச் சாப்பிட்டு, சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் கூட்டு ஊசியும் ரேபிஸ் ஊசியும் போடலாம். 3 அல்லது 4 வாரம் கழித்து கூட்டு ஊசி இரண்டாம் முறை. அதை விட்டுவிடாதீர்கள்; கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான பகுதிக்கு ஒரு ஊசி மட்டும் போதாது. 6 வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எலிக்காய்ச்சல், ரேபிஸ் இரண்டையும் அடுத்த ஆண்டிலிருந்து வருடந்தோறும் போடுங்கள். சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்கவும் ரேபிஸ் சான்று கேட்பார்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள். முகம் வீங்குவது, வாந்தி, உடல் தடிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும். ஒரு நாள் சோர்ந்து கிடப்பது, ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி, இவை தானாகப் போய்விடும். காய்ச்சல் அடிக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். நம் மாத்திரை நாய்க்கு விஷமாகலாம்.

கேள்வி: எங்கள் பொமரேனியன் 4 கிலோதான். பாதி ஊசி போதுமா? கடையில் மருந்து வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பாதி போதாது. பொமரேனியனோ ராட்வீலரோ, ஒரு குப்பிக்கு ஒரு நாய் என்பதுதான் கணக்கு. தடுப்பூசியின் அளவு எடையைப் பார்த்து மாறாது.

வீட்டில் போட வேண்டாம். கூட்டு ஊசி இரண்டு குப்பியாக வரும்: ஒன்றில் வெள்ளை வில்லை போல உலர்ந்த மருந்து, மற்றதில் திரவம். உலர்ந்ததில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். வெயிலில் பிளாஸ்டிக் பையில் தூக்கிப்போனால் அது செத்துவிடும். ஊசி போட்ட மாதிரி இருக்கும், பலன் இருக்காது. ரேபிஸ் மருந்துக்கோ உறைந்தால் வீரியம் போய்விடும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. இரண்டுக்குமே 2 முதல் 8 டிகிரி வேண்டும். கலந்ததும் உடனே போட்டுவிட வேண்டும். மருத்துவர் உங்கள் கண்ணெதிரே குப்பியை உடைத்து, அதன் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

செலவுதான் தயக்கம் என்றால், ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக ரேபிஸ் தினம்) ஆகிய நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடப்பதுண்டு. விசாரித்து வையுங்கள்.

கேள்வி: புதிதாகத் தத்தெடுத்த நாய், ரேபிஸ் ஊசி போட்ட ஐந்தாம் நாள் என் மகளின் கையில் பல் பட்டுக் கீறிவிட்டது. ஊசிதான் போட்டாயிற்றே, விட்டுவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: விடக் கூடாது. ஐந்து நாளில் நாயின் உடம்பில் பாதுகாப்பு வந்திருக்காது, அதற்குச் சில வாரம் ஆகும். உங்களிடம் வருவதற்கு முன்பே வேறு நாய் கடித்து, கிருமி உள்ளே இருந்தால் இந்த ஊசி அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும், நீங்களே கேளுங்கள். நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனியுங்கள். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று மகளுக்கு ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.