மார்பகப் புற்றுநோயில் டிஎன்ஏவை மாற்றும் நொதி என்கிறார்களே, அது என்ன?

அதன் பெயர் அப்போபெக்-3பி. உடலுக்குள் நுழையும் வைரஸின் மரபுக் குறிப்பைச் சிதைக்க நம் செல்களே வைத்திருக்கும் காவலாளி. பல மார்பகப் புற்றுக்கட்டிகளில் இது அளவுக்கு மீறி உருவாகி, செல்லின் சொந்த டிஎன்ஏ மீதே கைவைக்கிறது என்று 2013-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ரூபன் ஹாரிஸ் குழு காட்டியது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

செய்யும் வேலை மிகச் சின்னது. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி ‘எழுத்துகளால்’ ஆன குறிப்பு. அதில் ‘சி’ எழுத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கழற்றிவிடும். ‘சி’, டிஎன்ஏவில் வழக்கமாக இல்லாத ‘யு’ ஆகிவிடும். கடைச்சீட்டில் ‘பால்’ என்பதில் கால் அழிந்து ‘பல்’ ஆவதுபோல. செல் பிரியும்போது நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பிழை தெரியாது. ‘யு’வை ‘டி’ என்றே படித்து எழுதிவிடும். அதிலும் ‘டி’க்கு அடுத்து நிற்கும் ‘சி’ என்றால் இதற்குத் தனி ருசி. அந்தத் தடத்தை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். இதன் நெருங்கிய உறவான அப்போபெக்-3ஏ நொதிக்கும் இதில் பங்குண்டு.

பிழைகள் கூடக்கூட, மருந்துக்குத் தப்பும் செல்களும் கிளம்பலாம்.

‘டிஎன்ஏ மாற்றம்’ என்றதும் பிள்ளைகளுக்கும் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். இந்தப் பிழைகள் கட்டியின் செல்களுக்குள் நிகழ்பவை, பிள்ளைகளுக்குப் போகாது; பரம்பரையாக வரும் பிஆர்சிஏ (BRCA) மரபணு மாற்றம் வேறு.