14 பெட்டைக்கு 4 சேவல், கூடவே வளரும் குஞ்சுகள்: எல்லாவற்றையும் சேர்த்தே வளர்க்க முடியுமா?

கேள்வி இது: கொல்லையில் நாட்டுப் பெட்டை 14, சேவல் 4. சேவல்களுக்குள் ஓயாத சண்டை. பெட்டைகள் பலவற்றுக்கு முதுகில் இறகே இல்லை. இரண்டு மாதக் குஞ்சுகள் 11 வேறு வளர்கின்றன. பிரிக்காமல் வளர்க்க வழி உண்டா?

உண்டு. ஆனால் நான்கு சேவலோடு இல்லை. 14ஐ நான்கால் வகுத்தால் ஒரு சேவலுக்கு மூன்றரைப் பெட்டை. நாட்டுக்கோழியில் ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை இருந்தால்தான் பெட்டைகள் நிம்மதியாக மேயும். உங்களுக்கு ஒரு சேவல் போதும், காப்புக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். முட்டை சாப்பிட மட்டும்தான் வளர்க்கிறீர்கள் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இப்போதே கணக்கில் எடுங்கள். குஞ்சுகள் 11ல் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். கையில் இருப்பதோடு சேர்த்தால் இன்னும் இரண்டு மாதத்தில் ஒன்பது, பத்து சேவல் நிற்கும். இன்றைய சண்டையைவிட அதுதான் பெரிய பிரச்சினை.

முதலில் மொட்டை முதுகைப் பார்ப்போம். எல்லா மொட்டையும் சேவலால் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பெட்டையை மடியில் வைத்து இறகை விலக்கிப் பாருங்கள். சேவல் இணைசேர ஏறி மிதித்ததென்றால் பின்கழுத்திலும் நடுமுதுகிலும் மட்டும் இறகு போயிருக்கும், முறிந்த இறகுத் தண்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். இறகு உதிர்க்கும் பருவமென்றால் தலை, கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும், புது முளைகள் முள்முள்ளாகத் தெரியும். ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து, இறகின் அடியில் வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டியிருந்தால் பேன். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மிதிபட்ட பெட்டைக்கு இறக்கையின் அடியையும் தூக்கிப் பார்க்க வேண்டும். சேவல் ஏறும்போது காலை ஊன்ற இடம் தேடும், கால்முள் நீண்ட கிழட்டுச் சேவல் அங்கேதான் விலாவைக் கிழிக்கும். இறக்கை மூடியிருப்பதால் வெளியே தெரியாது, புழு வைத்த பிறகுதான் பலர் பார்ப்பார்கள். காயத்தைக் கழுவி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டு, ஆறும்வரை பஞ்சாரக் கூடையில் தனியாகக் கவிழ்த்து வையுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். சேவலின் முள்ளை அரத்தால் ராவி நுனியை மழுக்கினால் போதும், ஒட்ட வெட்டாதீர்கள். உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, ரத்தம் கொட்டும். முறிந்த தண்டு உள்ளேயே இருக்கும்வரை புது இறகு வராது, அடுத்த உதிர்ப்புக்குத்தான் வரும். சேவலைக் குறைத்தும் முதுகு மூடவில்லையே என்று பதற வேண்டாம்.

எந்தச் சேவலை வைத்துக்கொள்வது? பெரியது எது என்று பார்க்காதீர்கள். சாயங்காலம் நான்கரை, ஐந்து மணிக்கு ஒரு பிடி கம்புத் தானியத்தை வீசிவிட்டுத் தள்ளி உட்காருங்கள். நல்ல சேவல் தானியத்தைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டு, கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிடும், தான் பிறகுதான் தின்னும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பெட்டையைச் சுற்றிவரும். பருந்து நிழல் விழுந்தால் முதல் குரல் அதனுடையதாக இருக்கும். கூப்பிடாமல், சுற்றாமல், தின்றுகொண்டிருக்கும் பெட்டையை விரட்டிப் பிடித்துக் கொண்டையைக் கவ்வும் சேவலுக்கு எவ்வளவு அழகான வால் இருந்தாலும் அதை முதலில் கழியுங்கள். ஆள்மேல் பாயும் சேவலும் அப்படியே. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அதன் முள் கண் உயரத்துக்கு வரும். அதன் குஞ்சுகளிலும் அந்தக் குணம் வரக்கூடும்.

இரண்டு சேவல் வைப்பதென்றால் சேர்ந்தே வளர்ந்த அண்ணன் தம்பியோ, தகப்பனும் மகனுமோ தோதுப்படும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அவைகளே முடிவு செய்திருக்கும். அந்த முடிவைக் கலைப்பது பெரும்பாலும் நாம்தான். சண்டை போடுகிறதே என்று ஒன்றை நாலு நாள் காலில் கட்டிப் போட்டுவிட்டு அவிழ்த்தால், திரும்ப முதலிலிருந்து அடித்துக்கொள்ளும். கழுத்து இறகைச் சிலிர்த்து ஒன்றிரண்டு முறை எகிறி, ஒன்று திரும்பி ஓடினால் விட்டுவிடுங்கள். இரண்டும் ஓடவில்லை, கொண்டையில் ரத்தம், அல்லது தோற்றது மூலையில் தலையைச் செருகி நிற்கிறது என்றால் பிரித்தே ஆக வேண்டும். ஓட வழியில்லாத மூலையில்தான் சாவு நடக்கும். தென்னந்தட்டிகள் இரண்டு மூன்றைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் திறந்திருக்க விடுங்கள். தோற்ற சேவல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும், கண்ணில் படாவிட்டால் துரத்துவதும் நிற்கும். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று தெரியாமல் இருக்கட்டும். காலையில் பெட்டைகளை முதலில் திறந்துவிட்டு, அரை வயிறு தின்ற பிறகு சேவலைத் திறந்தாலே பாதி விரட்டல் குறையும்.

இவ்வளவும் சிறுவிடை என்ற சின்ன உருவ நாட்டுக்கோழிக்கும் சாதாரண நாட்டுக்கோழிக்கும்தான். அசில், பெருவிடை போன்ற சண்டைக்கோழி ரத்தம் கலந்திருந்தால் இந்தப் பேச்சே கிடையாது. அது தோற்றாலும் ஓடாது, தனித்தனிக் கூண்டுதான்.

இரவுக் கூட்டில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். 18 கோழிக்கு ஆறுக்கு ஆறு என்பது குறைந்தபட்சம், குஞ்சுகள் வளர்ந்ததும் அது பத்தாது. உட்காரும் கழிகளை ஏணிபோல் வைக்காமல் ஒரே உயரத்தில் கட்டுங்கள், உச்சிக் கழிக்கான தள்ளுமுள்ளு இருக்காது. ஒரு கோழிக்கு எட்டு, பத்து அங்குல நீளம் கணக்கு. முட்டையிட நாலைந்து பெட்டைக்கு ஒரு கூடை.

தீனியில் பலர் செய்யும் தவறு, எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் போடுவது. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். முட்டையிடாத குஞ்சுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சேவலுக்கும் தேவையில்லை. எல்லாருக்கும் வளர்தீவனம் வையுங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் தேவைப்படும் பெட்டை தானே வந்து கொத்தும்.

இப்போது அந்த 11 குஞ்சுகள். எட்டாவது வாரத்திலேயே கொண்டை பெரிதாகிச் சிவப்பேறி, கால் தடித்திருப்பவை பெரும்பாலும் சேவல். மூன்று, மூன்றரை மாதத்தில் கழுத்திலும் வால் அடியிலும் இறகு கூர்மையாக நீளும், அப்போது சந்தேகம் தீரும். காலில் கலர் நூலோ வளையமோ போட்டுவிடுங்கள். நான்காவது மாதம் முடிவதற்குள் சேவல் குஞ்சுகளைப் பிரித்து, பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் ஒரே கூட்டமாக வையுங்கள். போட்டிக்குப் பெட்டை இல்லாவிட்டால் நாட்டுச் சேவல்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அமைதியாக இருக்கும். அதில் ஒன்றை நடுவில் எடுத்துப் பெட்டைகளோடு விட்டுத் திரும்ப அங்கேயே போட்டால் எல்லாம் கெட்டது.

சொந்தக் குஞ்சையே அடுத்த சேவலாக வைத்தால் தாய், அக்காள் தங்கையையே மிதிக்கும். தலைமுறை செல்லச் செல்லக் கூமுட்டை கூடும், குஞ்சு நோஞ்சானாகும். வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் மூன்று வாரம் அடைக்கு முட்டை எடுக்க வேண்டாம், பழைய சேவலின் வித்து பெட்டையின் வயிற்றில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும். சந்தையில் வாங்கிய சேவலை நேரே உள்ளே விடவே கூடாது. மூன்று நான்கு வாரம் தனியாக, தனித் தண்ணீர்க் குவளையோடு. வெள்ளைக் கழிச்சல் நோய் அப்படித்தான் கொல்லைக்குள் வருகிறது. கால்நடைத் துறையின் இலவசத் தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், எட்டு வாரம் தாண்டிய எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். தனிவாசம் முடிந்ததும் ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கி, பிறகு இரவில் கழியில் ஏற்றி விடுங்கள்.

மிஞ்சும் சேவலை எப்போது விற்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தையில் அடை வைத்தால் மாசியில் குஞ்சு இறங்கும், ஆடிக்கு ஐந்து மாதமாகிவிடும். கோயில் நேர்த்திக்கு அப்போது சேவலைத் தேடி வருவார்கள், எடை பார்க்காமல் நிறம் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. அதைத் தவறவிட்டால் புரட்டாசியில் கேட்க ஆள் இருக்காது, தீபாவளி வரை தீனி போட வேண்டியதுதான்.