புதுப்பித்த வீட்டில் கண்ணை எரிக்கும் நெடியைக் குறைப்பது எப்படி?

கீழக்கரையில் பழைய வீட்டைப் புதுப்பித்து இரண்டு மாதமாகியும் அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது, அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், பெயிண்ட் நெடி எப்போது போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது பெயிண்ட் நெடியாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெயிண்ட், தின்னர், மைக்கா ஒட்டும் பசை ஆகியவற்றின் ஆவி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அலமாரிக்குள் அடைந்து கிடந்து கண்ணை உறுத்துவது, பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் போன்ற பலகைகளில் சேர்க்கப்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினிலிருந்து மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது; வீட்டுக்குள் அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்நிறுவனம் 2010-இல் வகுத்த அளவு.

நம் கடற்கரையில் இந்தத் தொல்லை கூடுதல், ஏனெனில் அந்தப் பிசின் ஈரத்திலும் வெக்கையிலும் சிதைந்துதான் வாயுவை விடுகிறது, இரண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. போதாததற்குக் கச்சான் காற்றில் மணல் வருகிறதென்று சன்னலை அடைத்து ஏசி போட்டுக்கொள்கிறோம். ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே சுழற்றுகிறது.

அலமாரிக் கதவின் கீலைக் கழற்றிப் பாருங்கள். வெளியே மைக்கா பளபளக்க, துளைக்குள் வெற்றுப் பலகை பழுப்பாகத் தெரியும். சுவரை ஒட்டிய முதுகுப்புறம், தட்டுகளின் அடிப்பக்கம், ரம்பம் போன விளிம்பு ஆகியவற்றையும் பல ஆசாரிகள் மூடாமலே விட்டுவிடுகிறார்கள். வாயு மிகுதியாக வெளியேறும் வழிகள் அவைதான். அங்கெல்லாம் தண்ணீர் கலந்து அடிக்கும் வகை வார்னிஷை இரண்டு பூச்சு கொடுத்து, விளிம்புகளுக்குப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். பிறகு கதவுகளையும் எதிரெதிர்ச் சன்னல்களையும் திறந்து, வெளியே பார்த்த ஒரு மின்விசிறியை வைத்துக் காற்றைத் தள்ளுங்கள்.

தொட்டிச் செடிகளை நம்ப வேண்டாம். வீட்டளவில் அவற்றால் பயன் மிகச் சொற்பம். சாம்பிராணி போடுவது நெடியை மறைக்குமே தவிர, அந்தப் புகையிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு.

இனி ஏதேனும் செய்வதாக இருந்தால், ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். அதில் சேரும் ஃபீனால் பிசின் ஈரத்தில் எளிதில் சிதையாது. விலை கூடத்தான் செய்யும், ஆனால் படுக்கையறையில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மகளுக்கும் குழந்தைக்கும் பலகை வேலை நடக்காத பழைய அறையையே கொடுங்கள். குழந்தைத் துணிகளைப் புது அலமாரியில் அடுக்காதீர்கள். பருத்தித் துணி அந்த வாயுவை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.