நூலகரிடம் கேளுங்கள்: ஆய்வுத் தரவும் ஆய்விதழும்

புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவுவது என் வேலை. இந்தப் பக்கத்து ஆய்வு மாணவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஆய்வேடு எழுதித் தரச் சொல்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

காலாப்பட்டு, முதலாண்டு ஆய்வு மாணவர்: மூன்றே நாளில் கட்டுரையை வெளியிடுவதாக ஒரு ஜர்னலில் இருந்து மெயில். 'யூஜிசி அங்கீகாரம்' என்றும் போட்டிருக்கிறது. பணம் கட்டலாமா சார்?

கட்டாதீர்கள். தரமான ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலையே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போதும் 'அங்கீகாரம்' என்று போட்டுக்கொள்பவர் பழைய முத்திரையைக் காட்டி வியாபாரம் செய்கிறார். மூன்று நாளில் எந்த வல்லுநர் உங்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லப்போகிறார்? ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பீர்கள். அது அடையாள எண், தரச் சான்று அல்ல. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவருக்கு நேரே எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. அதனால் மெயிலில் வந்த இணைப்பைத் தொடாமல், நூலகத்தின் வழியாக இதழுக்குப் போங்கள்.

இன்னொன்று. யூஜிசியின் 2022 முனைவர் பட்ட விதிமுறையில், ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதைப் பாருங்கள். பயத்தில்தான் பலர் பணம் கட்டுகிறார்கள்.

சிதம்பரம், தமிழ் ஆய்வாளர்: ஆய்வேட்டைப் பாமினியில் தட்டச்சு செய்தேன். ஒப்புமைச் சோதனையில் 0 விழுக்காடு வந்தது. நல்லதுதானே ஐயா?

நல்லதில்லை. பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த மென்பொருள் உங்கள் ஆய்வேட்டைப் படிக்கவே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டுபவை. கணினிக்கு அது பொருளில்லாத ஆங்கிலக் குவியல், எதனோடும் பொருந்தாது. அப்படியே ஷோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறினால் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூட உள்ளே தேட முடியாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குக் காட்டும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றது. இன்னும் டைப்பிங் சென்டர்களில் பாமினிதான் ஓடுகிறது, என்ன செய்ய!

என்எச்எம் என்ற எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்குங்கள். அப்புறம் பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். தட்டச்சு செய்தவர் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருப்பார், 'ஔ'வை 'ஒ', 'ள' என இரண்டாக உடைத்திருப்பார். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

பிறகு வரும் விழுக்காட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். யூஜிசியின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேராது. சங்கப் பாடல் வரியை உங்கள் சொல்லில் மாற்றி எழுதித் தொலைக்காதீர்கள்.

விருத்தாசலம்: 2,500 ரூபாய்க்கு ஒரு ஜர்னலில்...

முதல் பதில்.

நெய்வேலி, தனியார் கல்லூரி ஆசிரியர்: 'ஒரே நாடு ஒரே சந்தா' எங்களுக்கு உண்டா?

இப்போதைக்கு இல்லை. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் இந்தத் திட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். 2024 நவம்பரில் ஒப்புதல், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். உங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்தியது எனக்கும் உடன்பாடில்லை. ஒரு கட்டுரை வேண்டுமென்றால் அதன் ஆசிரியருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

கடலூர், சமூகவியல் ஆய்வு மாணவி: தேவனாம்பட்டினத்தில் மீனவப் பெண்களின் பேட்டிகளை ஒலிப்பதிவு செய்தேன். தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்கிறது இதழ். செனோடோவில் ஏற்றலாமா?

ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதி வாங்கினீர்கள்? 'இந்த ஆய்வுக்கு மட்டும்' என்றிருந்தால் ஏற்றக்கூடாது. குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெயரை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 'சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்து இப்போது ஏலம் எடுக்கும் பெண்' என்று எழுதினால் குப்பத்தில் எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

செனோடோ, ஐரோப்பாவின் செர்ன் நடத்தும் இலவசக் களஞ்சியம். அங்கே விவரக் குறிப்பைத் திறந்தும் கோப்புகளைப் பூட்டியும் வைக்கலாம், டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். கட்டுரையில் 'கேட்பவருக்கு நிபந்தனையுடன்' என்று காரணத்தோடு எழுதினால் ஒழுங்கான இதழ் ஏற்கும்.

புதுச்சேரி, புள்ளியியல் ஆசிரியர் (குறுக்கே): பொதுப் பணத்தில் திரட்டிய தரவைப் பூட்டுவதா? சரிபார்க்க முடியாதது ஆய்வே இல்லை.

கடல்நீர் வெப்பநிலை, மண் மாதிரி என்றால் நீங்கள் சொல்வது சரி, திறந்தே ஆகவேண்டும். இது ஆட்களின் வாழ்க்கை.

கடலூர் துறைமுகம், ஆய்வு மாணவி: நான் மீனவக் குடும்பம். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், ஒரு பக்கம்கூட எங்களுக்குத் திரும்பி வரவில்லை. திறந்த தரவு யாருக்குத் திறந்தது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தரவைத் தேட, எடுக்க, மறுபடி பயன்படுத்த வசதியாக வையுங்கள் என்கிறது 2016-இல் வந்த ஃபேர் நெறிகள். பூர்வகுடி மக்களின் தரவுக்காக 2019-இல் வந்த கேர் நெறிகள், அதனால் அந்த மக்களுக்கு என்ன பயன், அதிகாரம் யார் கையில் என்று கேட்கின்றன (யூஜிசியின் கேர் வேறு). மீனவர் குப்பத்துக்கும் அதே கேள்வி பொருந்தும். ஆய்வாளர்கள் பேசியவரிடம் ஒலிப்பதிவின் ஒரு பிரதியையும், தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் கொடுங்கள். அதற்கு எந்த விதியும் தேவையில்லை.

புள்ளியியல் ஆசிரியர்: அப்படியானால் பொய்த் தரவு எழுதுபவனும் இதே சாக்கைச் சொல்வானே?

சொல்வான். அதனால்தான் பூட்டுவது வேறு, மறைப்பது வேறு என்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதித்தால் இன்னொரு ஆய்வாளர் கையெழுத்திட்டுக் கேட்கலாம். பீரோ பூட்டியிருக்கும், ஆனால் எந்த பீரோ, சாவி யாரிடம் என்பது பட்டியலில் இருக்கும்.

அவரே: கடல்நீர்த் தரவையே எவரும் தருவதில்லை!

உண்மைதான். அவர்களைத் திட்டுங்கள் சார், இந்தப் பெண்களை விடுங்கள்.

பண்ருட்டி: பென்டிரைவ் கரப்ட். மூன்றாண்டுத் தரவு அதில்தான்.

நம்பகமான தரவு மீட்புக் கடையில் கொடுங்கள், அதற்குள் அதில் எதையும் எழுதாதீர்கள். மற்றவர்களுக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்த ஊர்க்காரர்கள் ஒற்றைப் பிரதியை மேசை இழுப்பறையில் வைப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

முத்தியால்பேட்டை: வீட்டில் ஓலைச்சுவடி இருக்கிறது, ஸ்கேன் செய்யலாமா?

என் துறை அல்ல. செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு நிறுவனத்தில் கேளுங்கள். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. அதுவரை லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பாகூர்: ஓர்கிட் எண்ணுக்குக் கட்டணமா?

ஆய்வாளரை அடையாளம் காட்டும் அந்த எண் இலவசம், 16 இலக்கம். இனிஷியல் முன்னே ஒரு கட்டுரையில், பின்னே ஒரு கட்டுரையில் என்று எழுதும் நமக்குத்தான் அது அவசியம்.

திண்டிவனம்: யூஜிசி கேர் பட்டியலில் உள்ள ஜர்னல்...

முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

வில்லியனூர்: பணம் கட்டிவிட்டேன் சார். இப்போது என்ன செய்வது?

காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? இல்லையென்றால் 'கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று இன்றே மெயில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 'திரும்பப் பெறும் கட்டணம்' என்று இன்னொரு தொகை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையீடு செய்யுங்கள். அந்த மெயிலைக் காட்டாமல் அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பாதீர்கள். அச்சாகிவிட்டது என்றால் படிவத்தோடு நேரில் வாருங்கள், பார்க்கலாம்.