வாஷிங் மெஷின் டிரம்மில் தண்ணீர் நிற்கிறதா? கீழே இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள்

தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பை மாற்ற அவசரப்படாதீர்கள், முதலில் மெஷினின் (முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோட் என்றால்) முன்பக்கம் கீழ் மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ‘உர்ர்’ என்று சத்தம் வருகிறது, ஆனால் தண்ணீர் டிரம்மிலேயே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பம்ப்புக்குக் கரண்ட் போகிறது, பெரும்பாலும் அதன் விசிறிதான் எதிலோ சிக்கியிருக்கும். கோத்தகிரியில் ஸ்வெட்டரும் குல்லாவும் துவைக்காத வாரம் ஏது? அந்தக் கம்பளிப் பஞ்சு ஒரு ஹேர்பின்னில் சுற்றிக்கொண்டாலே போதும், அடைத்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டு வைத்து, ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். உள்ளே டார்ச் அடித்து விசிறியை ஒரு குச்சியால் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுத்தான் திரும்பும், உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பழுது இல்லை.

வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை மூடியைத் தொடவே வேண்டாம். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் நின்றால், பின்னால் குழாய் சுவரில் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.