பயிற்சித் திடலும் பிற்பகல் வெப்பமும்: வாசகர் கேள்விகளுக்கு விளையாட்டு மருத்துவரின் பதில்கள்

ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்குமேல் வெப்பத்தைப் பற்றியவை. சராசரியாக மே மாதமே சிங்கப்பூரில் நமக்கு ஆண்டின் மிக வெப்பமான மாதம். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தைத் தொட்டது. கல்லூரி அணிகளுக்கான ஆள்தேர்வும் கடும் பயிற்சியும் இதே வாரங்களில்தான் நடக்கின்றன.

என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். கால்பந்து அணியில் இடம்பிடிக்க வாரம் நான்கு நாள், மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்குப் போகிறான். நான் கவலைப்பட்டால், “சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெயில் புதிதா?” என்று பயிற்றுநர் கேட்கிறார். அவர் சொல்வது சரியா? (ஒரு தாயார், உட்லண்ட்ஸ்)

சரியல்ல, அம்மா. இந்த எண்ணத்தை நான் திடலுக்குத் திடல் கேட்டு வருகிறேன். மிகுந்த தீங்கு செய்யும் எண்ணமும் இதுவே. வெப்பத்துக்கு உடல் பழகுவது பிறந்த ஊரால் வருவதன்று, வெப்பத்தில் உழைப்பதால் வருவது. குளிரூட்டிய அறையில் தூங்கி, குளிரூட்டிய ரயிலில் போய், குளிரூட்டிய வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உடலுக்கு நான்கு மணி வெயிலில் ஓடுவது புதிய வேலைதான். அதிலும் சாதாரண நிலைத் தேர்வு நவம்பரில் முடிந்து ஏப்ரலில் கல்லூரி தொடங்கும் வரை பலர் பந்தையே தொடுவதில்லை.

உடல் பழகுவதற்கு 7 முதல் 14 நாள் தொடர்ந்த, படிப்படியான பயிற்சி வேண்டும். அந்த நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே ஓட்டத்துக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடிக்கிறது. பயிற்சியை நிறுத்தினால் மூன்று நான்கு வாரங்களில் இந்தப் பயன் பெரும்பாலும் கரைந்துவிடும். வெப்பத்தில் வேலை பார்க்கும் புதிய ஊழியர்களுக்குக் குறைந்தது ஏழு நாள் பழக்கக்காலம் தர வேண்டும் என்று நம் மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்தது. கட்டுமானத் தளத்தில் கொடுக்கப்படும் அந்தக் காலத்தைக் கால்பந்துத் திடலில் மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்றையும் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். இடம் உறுதியான மூத்த ஆட்டக்காரர் தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுவார். இடத்துக்காகப் போராடும் முதலாண்டு மாணவன் உட்கார மாட்டான். ஆகவே, முதல் வாரத்தில் பயிற்சி நேரத்தைக் குறைப்பதும், தண்டனை ஓட்டங்களை அறவே விடுவதும், ஓய்வை மாணவன் கேட்காமலேயே கொடுப்பதும் பயிற்றுநரின் பொறுப்பு.

எத்தனை டிகிரிக்கு மேல் பயிற்சியை நிறுத்த வேண்டும்? கைப்பேசியில் 32 காட்டும்போதே சிலர் நிறுத்தச் சொல்கிறார்கள். (அணித் தலைவர், தெம்பனிஸ்)

கைப்பேசி பொதுவாகக் காட்டுவது காற்றின் வெப்பநிலை. நீங்கள் பார்க்க வேண்டியது டபிள்யூபிஜிடி எனப்படும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை. அந்த அளவீட்டில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20 விழுக்காடு, வெறும் காற்றின் வெப்பத்துக்கு 10 விழுக்காடு எடை தரப்படுகிறது. ஈரப்பதத்துக்கு ஏன் இவ்வளவு எடை என்றால், வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாவதால்தான் குளிர்கிறது; நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சட்டையில் சொட்டுகிறது.

2023 ஜூலை முதல் வானிலை ஆய்வகத்தின் வெப்ப அழுத்த அறிவுரையை மைஎன்வி செயலியில் பார்க்கலாம். டபிள்யூபிஜிடி 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைந்த நிலை, 31 முதல் 33க்குள் மிதமான நிலை, 33உம் அதற்கு மேலும் உயர்ந்த நிலை. உயர்ந்த நிலையில் நான் பயிற்சியை ஒத்திப்போடச் சொல்வேன், அல்லது உள்ளரங்கில் உத்தி வகுப்பாக மாற்றச் சொல்வேன். மிதமான நிலையில் நேரத்தையும் வேகத்தையும் குறைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்துங்கள். டபிள்யூபிஜிடி 32ஐத் தாண்டினால் ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடக் குளிர்விப்பு இடைவேளை விடலாம் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டுதல்; 2014இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்து, மெக்சிகோ ஆட்டம் அப்படி நிறுத்தப்பட்டது. உலகத்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே தேவைப்பட்ட இடைவேளை அது.

மாலை ஆறரைக்கு மாற்றினாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் இறங்கும்போது ஈரப்பதம் ஏறுகிறது. நேரத்தை மாற்றுங்கள், ஆனால் செயலியையும் பாருங்கள்.

செயற்கைப் புல்தரை கூடுதல் சூடா? (ஜூரோங் வெஸ்ட்)

ஆம். நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டக்கூடும். இயற்கைப் புல் அதன் அருகில்கூட வராது. நண்பகலுக்கும் ஐந்து மணிக்கும் இடையே அங்கே படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

பயிற்சியில் ஒருவன் மயங்கிச் சரிந்தால் ஐஸ் தண்ணீரில் இறக்கலாம் என்று படித்தேன். சூடேறிய உடம்பில் சில்லென்று ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுகிறார்கள். (இணைப்பாட நடவடிக்கை ஆசிரியர், ஈசூன்)

மற்ற எல்லாப் பதில்களையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹீட் ஸ்ட்ரோக் என்று நாம் சொல்லும் வெப்பத்தாக்கத்தில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்குகிறது. அந்த வெப்பம் எவ்வளவு உயர்ந்தது என்பதைப் போலவே, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் 40க்குக் கீழே இறக்கிவிட்டால் ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கிறார்கள். ஜன்னி என்று பெரியவர்கள் அஞ்சுவது காய்ச்சலில் வரும் பிதற்றலையும் வலிப்பையும். வெப்பத்தாக்கத்தில் அவற்றை உண்டாக்குவது உள்ளே இருக்கும் சூடுதான், வெளியே ஊற்றும் தண்ணீர் அன்று. நடுக்கம் வந்தாலும் அதற்காக அஞ்சி வெளியே எடுத்துவிடக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரித் திடலில், பக்கத்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் கோட்டோரம் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். கட்டி முடித்ததை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மூன்றாவது முறையும் அவிழ்த்தபோது நான் ஓடினேன். கோல் எண்ணிக்கை என்ன என்று கேட்டதற்கு, தாம் படித்த தொடக்கப்பள்ளியின் பெயரைச் சொன்னார். உடம்பெல்லாம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஓடியாடி வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை பெரும்பாலும் நிற்பதில்லை. அதற்குள் ஒருவர் நெற்றிப்பொட்டில் தைலம் தேய்க்கத் தொடங்கியிருந்தார். இன்னொருவர் நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டி, 37.4தான், காய்ச்சல் இல்லை என்றார். நெற்றி, காது, வாய் ஆகியவற்றில் எடுக்கும் அளவு ஓடி முடித்தவரின் உள்வெப்பத்தைக் காட்டாது. ஆசனவாயில் எடுக்கும் அளவு ஒன்றே நம்பத்தக்கது. அதை எடுக்கப் பயின்றவர் இல்லாவிட்டால் தடுமாற்றத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

தொட்டி இல்லை. பந்துகளையும் வலைகளையும் மூடி வைக்கும் நீலக் கித்தான் இருந்தது. அதை விரித்து அவரை நடுவில் கிடத்தி, ஆறு பேர் விளிம்புகளைத் தூக்கிப் பிடித்தார்கள். உணவகத்துப் பானக் கடையிலிருந்து இரண்டு பெட்டி ஐஸ்கட்டி, குழாயிலிருந்து தண்ணீர். தலையைத் தாங்கிக்கொண்டு தண்ணீரை அலசிக்கொண்டே இருந்தோம். பன்னிரண்டு நிமிடம் போனபின், “என் பூட்ஸ் ஏன் நனைந்திருக்கிறது?” என்று கேட்டார். அதன்பிறகே அவரை அவசர மருத்துவ ஊர்திக்கு மாற்றினோம்.

முதலில் குளிர்விப்பு, பிறகே பயணம் என்பதுதான் விதி. ஒருவர் 995ஐ அழைக்கட்டும், அதே நொடியில் மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்கட்டும். நல்ல ஐஸ் குளியல் நிமிடத்துக்குச் சுமார் 0.2 டிகிரி வீதம் உள்வெப்பத்தைக் குறைக்கும். அளக்க வழியில்லையென்றால் 10 முதல் 15 நிமிடம் வைத்திருங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பை வைப்பது மட்டும் போதாது. தடுமாறுபவருக்கு வாய்வழியே எதையும் புகட்டாதீர்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் தொட்டி, ஐஸ், கித்தான் மூன்றும் திடலில் இருக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? உப்பு மாத்திரை, 100 பிளஸ், இளநீர், இவற்றில் எது நல்லது? (தொடக்கக் கல்லூரி மாணவர்)

அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அளவை வீட்டுத் தராசே சொல்லும். பயிற்சிக்கு முன் 68 கிலோ, 90 நிமிடத்துக்குப் பின், உடலைத் துடைத்து எடை பார்த்தால் 66.6, இடையில் குடித்தது அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையில் குறைந்த அளவு 1.4 கிலோ, குடித்ததையும் கூட்டினால் 1.9 லிட்டர் வியர்வை. எடையில் இரண்டு விழுக்காடு இழந்துவிட்டீர்கள், அடுத்த முறை இடையில் கூடுதலாகக் குடியுங்கள் என்று பொருள். வீட்டுக்கு வந்தபின் சில மணி நேரத்தில் இரண்டு லிட்டரளவு பருகி ஈடுகட்டலாம். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மேல் குடிக்கிறீர்கள். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகக்கூடும்.

உப்பு மாத்திரை வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியில் 100 பிளஸ் போன்ற ஐசோடானிக் பானம் உதவும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் நாம் இழக்கும் சோடியமோ அதில் குறைவு. குடிப்பதில் தவறில்லை, அத்துடன் உப்பிட்ட மோரோ ரசஞ்சோறோ இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். உடம்புச் சூட்டுக்கு வெந்தயம் என்பது வேறு பொருளில் பேசப்படும் சூடு. திடலில் ஏறும் உள்வெப்பத்தை எந்த உணவும் தடுக்காது. எவ்வளவு நன்றாக நீர் அருந்தியவருக்கும் வெப்பத்தாக்கம் வரலாம்.

தேசிய சேவை முடித்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த என் மகன், அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர முயல்கிறான். கோடைப் பயிற்சியில் ஆட்டக்காரர்கள் இறந்த செய்திகளைப் படித்து உறக்கம் வரவில்லை. (ஒரு தந்தை, பொங்கோல்)

உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு, ஐயா. தலைக்கவசமும் தோள்கவசமும் உடலின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துவைக்கின்றன. முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு உடல் எடையும் மிகுதி. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியான மினசோட்டா வைக்கிங்ஸின் கோரி ஸ்டிரிங்கர் 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பயிற்சி முகாமில் தாக்கிய வெப்பத்தால் 27 வயதில் இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வு நிலையமே இத்துறையில் பெரும்பணி ஆற்றி வருகிறது. 2018 மே 29ஆம் தேதி மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் 19 வயது ஜோர்டன் மெக்னேர், தொடர் ஓட்டப் பயிற்சியில் தளர்ந்தார். உள்வெப்பம் அளக்கப்படவில்லை, ஐஸ் குளியல் தரப்படவில்லை, அறிகுறிகள் தோன்றி ஒரு மணி நேரத்துக்குப் பிறகே அவசர உதவி அழைக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அவர் இறந்தார். தவிர்த்திருக்கக்கூடிய மரணம் அது. அதனால்தான் அதைப் படிக்கும்போது மனம் ஆறுவதில்லை.

அங்கே விதிகள் இருக்கின்றன. 2003 முதல் கல்லூரி அணிகளுக்கு ஐந்து நாள் பழக்கக்காலம் கட்டாயமானது: முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள்கவசமும் சேர்த்து, ஐந்தாம் நாளே முழு உடை. 2021இல் அந்தக் காலம் ஏழு நாளாக நீட்டிக்கப்பட்டது. மகனிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: ஐஸ் தொட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, உள்வெப்பத்தை யார் அளப்பார், பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் தலைமைப் பயிற்றுநரையும் மீறி மருத்துவக் குழுவுக்கு உண்டா? தேசிய சேவையில் இருந்ததால் எல்லாம் தெரியும் என்று அவர் நினைக்கக்கூடும். சேவை முடிந்து சில மாதம் ஆகியிருந்தால் அந்தப் பழக்கம் உடலில் இல்லை.

ரமலான் நோன்பில் பயிற்சியை விடவும் மனமில்லை, நோன்பை விடவும் மனமில்லை. (பல்கலைக்கழக மாணவர்)

இரண்டையும் விட வேண்டாம். கடும் பயிற்சியை நோன்பு திறந்து ஓரிரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் நிழலிலோ உள்ளரங்கிலோ லேசான பயிற்சி போதும். தூக்கக் குறைவும் வெப்பத்தாக்கத்துக்கு ஒரு காரணம் என்பதால், இரவுப் பயிற்சிக்குப் பின், விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு முன் தூங்க நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். அணியே உங்களுக்காக நேரத்தை மாற்றியமைப்பது சலுகையன்று, நல்ல திட்டமிடல்.

சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? (பெயர் தரவில்லை)

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓடவே கூடாது. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரைகள், கவனக்குறைவுக் கோளாற்றுக்கான ஊக்க மருந்துகள் ஆகியவை உடல் வெப்பத்தைக் கூட்டவோ வியர்வையைக் குறைக்கவோ கூடும். மருத்துவரிடமும் பயிற்றுநரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகளிர் அணியில் ஆடும் என் மகள் சென்ற மாதம் வெப்பத்தாக்கத்தால் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், அடுத்த வாரமே ஆட வேண்டும் என்கிறாள். (ஒரு தாயார், தோ பாயோ)

நன்றாக இருப்பதுபோல் தோன்றுவது போதுமான சான்றன்று, அம்மா. வீடு திரும்பியபின் குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் கூடாது. பிறகு மருத்துவர் பரிசோதித்து, சிறுநீரகம், கல்லீரல், தசை நொதிகள் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை இயல்புக்குத் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். இயல்பானால் முதலில் குளிரூட்டிய உடற்பயிற்சிக்கூடத்தில் லேசாகத் தொடங்கட்டும். அங்கே சிரமமில்லை என்றால் காலை வேளையில் திடலில் 20 நிமிடம், பிறகு 30 என்று இரண்டு வாரம் ஏற்றிக்கொண்டு போகலாம். எந்தக் கட்டத்திலாவது தலைவலியோ குமட்டலோ வந்தால் ஒரு படி பின்னே வர வேண்டும். இந்த அட்டவணையை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிப் பயிற்றுநர் கையில் நீங்களே கொடுங்கள்; மகள் கையில் கொடுத்தனுப்பினால் அது பையிலேயே தங்கிவிடும்.